புதுத் தரையும் அஞ்சலையின் கேள்வியும்

"தீண்டாமை தப்புன்னு சொல்லித் தர்றீங்களே சார், நாங்க உங்க வூட்டுக்குள்ள வரலாமா?" என்று முன்பு வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்.

"தாராளமாக வரலாம்" என்றேன். நான் ஓய்வு பெறும்வரை யாரும் வந்து பார்க்கவில்லை.

இந்த மாதம் எங்கள் கூடத்து மண்தரையைப் பெயர்த்துவிட்டு, சிவப்புச் சாயம் கலந்த சிமெண்ட் தரை போட்டோம். கறுப்பா சிவப்பா என்று தெருவையே கேட்டுத்தான் முடிவு செய்தேன். கலவை முழுவதையும் உள்ளே சுமந்து வந்தவள் திருப்புலிவனத்துச் சேரியைச் சேர்ந்த சித்தாள் அஞ்சலை.

இன்று தரை காய்ந்து பளபளத்தது. வேலை செய்தவர்களுக்கு வீட்டில் சாப்பாடு. மேஸ்திரிக்குக் கூடத்தில் இலை போட்டோம். அஞ்சலையும் காலைக் கழுவிக்கொண்டு படியேறினாள்.

"நீ அங்கியே உக்காரும்மா, வாசல்ல இலை போடச் சொல்றேன்."

சொன்னது என் வாய்தான்.

அவள் சிரித்தாள். "இன்னா சார் இது! ஈரமா இருந்தப்போ உள்ள வா, உள்ள வான்னீங்க. காஞ்சதும் வெளிய குந்தச் சொல்றீங்களே?"

"தரை புதுசு, அதான்..." என்று இழுத்தேன்.

"அத்தப் புதுசு பண்ணதே நாங்கதான சார்? வூட்ல கஞ்சி கீது, வரேன்."

போய்விட்டாள். மேஸ்திரி தலை நிமிராமல் சாப்பிட்டார். வாசலில் போட்ட இலை அப்படியே இருக்கிறது. தரை பிரமாதம் என்று தெருவே சொல்கிறது. எனக்குத்தான் அதில் கால் வைக்கக் கூசுகிறது. நாளைக் காலையில் அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிடப் போகிறேன், வருவாளோ, மாட்டாளோ.

உங்கள் வீட்டுத் தரையைப் போட்டவரை, ஒருநாள் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிட்டுப் பாருங்கள்.