தக்காளிக்குப் போட்ட பந்தல்

தெருவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அடுப்பில் உலை வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுவாள். பாதிப் பாத்தி களை எடுப்பதற்குள் உலை ஞாபகம் வந்து வீட்டுக்கு ஓடுவாள். வழியில் யாராவது மாட்டிக்கொண்டால் நின்ற வாக்கிலேயே ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்து, எதற்கு வந்தோம் என்பதை மறந்து மறுபடியும் தோட்டத்துக்கே ஓடுவாள். உலை பொங்கி அடுப்பை அணைத்திருக்கும்.

அவள் கணவன் கொத்தனார். கை சுத்தமான வேலைக்காரன். உயரம் மட்டும்தான் அவனுக்கு ஆகாது. அஸ்திவாரத்திலிருந்து தோள் மட்டத்துக்குச் சுவரை நூல் பிடித்த மாதிரி எழுப்பிக் கொடுப்பான். அதற்குமேல் சாரத்தில் ஏறச் சொன்னால் முகம் வெளுத்து, "வயிறு சரியில்ல" என்று சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் தக்காளி போட்டிருந்தார்கள். செடி பூக்கும் மாதங்களில் முன்பெல்லாம் காற்று இதமாக வீசும். பூ வைத்தால் காய்தான், அதில் சந்தேகமே வராது. இப்போது வெயிலுக்கும் மழைக்கும் நேரங்காலம் தெரிவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு வரக்கூடாத நேரத்தில் மழை கொட்டி, காயெல்லாம் செடியிலேயே அழுகிப்போயிற்று. போன வருடம் பூக்கிற சமயத்தில் அனல் காற்று அடித்து, பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. இந்த வருடமும் அதே அனல்தான். நடுப்பகலில் செங்கல்லைக் கையால் தொட முடியவில்லை என்று மேஸ்திரி ஆட்களைப் பாதி நாளோடு அனுப்பிவிடுவார். கூலியும் பாதியாயிற்று. வீட்டில் கஞ்சி நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது.

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தினா இதுல துணி அலசலாம்" என்றான் கொத்தனார்.

"அலசுறதுக்குத் துணி வேணுமே" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு மட்டும் அந்த வீட்டில் என்றும் தட்டுப்பாடு வந்ததில்லை.

துணி என்றதும்தான், ஒரு போர்வையைக் காயப் போட்டு எடுக்காமல் விட்டது அவளுக்கு நினைவு வந்தது. போட்டு ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. தோட்டத்துக்கு ஓடினாள். போர்வை பாதி வேலியின் மேலும், பாதி வேலியோரச் செடிகளுக்கு ஊன்றியிருந்த குச்சிகளின் மேலுமாகக் கிடந்தது. தூக்கிப் பார்த்தவள் அலறினாள்.

கொத்தனார் கையில் கிடைத்த பூச்சுக் கரணையோடு ஓடி வந்தான். "எங்க பாம்பு?"

"பாம்பில்லைங்க, பிஞ்சு! பாருங்க, பிஞ்சு!"

தோட்டம் முழுக்கப் பூ உதிர்ந்து கிடக்க, போர்வைக்கு அடியிலிருந்த செடிகளில் மட்டும் பட்டாணி பட்டாணியாகப் பச்சைப் பிஞ்சுகள். நிழல்தான் காப்பாற்றியிருக்கிறது. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எழுந்தபோது முழுத் தோட்டத்துக்கும் கூரை போடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

கடையில் பச்சை நிறத்தில் நிழல்வலை விற்கிறார்கள். விலை கேட்டுவிட்டு வந்தவள், "அந்த வலை தக்காளிக்கு இல்லைங்க, நம்மளப் பிடிக்க" என்றாள். அப்புறம் வீடு வீடாகப் படியேறினாள். கிழிந்த போர்வை, நிறம் போன ஜன்னல் திரை, இஸ்திரிப்பெட்டியின் அச்சு விழுந்த மேசைவிரிப்பு என்று கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள். தேர்தலில் தோற்றுப்போன யாரோ ஒரு வேட்பாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் துணிப் பேனர் ஒன்றும் கிடைத்தது. அதைக் கொடுத்தவர்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லை என்று அவர்களாகவே சொன்னார்கள்.

தைப்பதற்கு நாத்தனாரிடம்தான் போகவேண்டும். கொத்தனாரின் தங்கை தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தாள். ஒரு சட்டையில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்துவிட்டாள் என்று வந்த சண்டையில், பம்பரத்துக்கும் அவளுக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தலைமேல் இருந்த பெரிய மூட்டை முகத்தை மறைத்ததில் வந்தது யார் என்றே கடைக்காரிக்குத் தெரியவில்லை.

"யாரும்மா அது? மூட்டைய இறக்கி வை."

"நான்தான்."

தையல் இயந்திரம் நின்றது.

"இதுக்குக் கையெல்லாம் வைக்க வேணாம். அப்படியே ஒண்ணா தைச்சுக் குடுத்தா போதும்" என்றாள் பம்பரம்.

நாத்தனார் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். அடங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் ஊசி கைதவறிக் கீழே விழுந்தது. சண்டையும் அதோடு போயிற்று. விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணி, பட்டை பட்டையா வெட்டி இடைவெளி விட்டுப் போடுங்க. காத்து போறதுக்கு வழி வேணாமா? ஒரே துணியா போட்டா பாய்மரம் மாதிரி தூக்கிடும்."

"பூ உதிர்ந்துட்டே இருக்கு. இடைவெளியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ தை."

மூங்கில் நட்டுப் பந்தலைக் கட்டியபோது ஸ்டூலில் ஏறியது பம்பரம்தான். கொத்தனார் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. "பந்தலெல்லாம் தடபுடலா இருக்கே, யாருக்குக் கல்யாணம்?" என்று ஒருவர் கேட்டார்.

"கல்யாணம் இல்ல. தக்காளிக்கும் வெயிலுக்கும் விவாகரத்து!" என்றாள் அவள் ஸ்டூல் மேலிருந்து.

பந்தல் வேலை செய்தது. உதிராமல் மிச்சமிருந்த பூக்கள் தங்கின. புதுப் பூக்களும் வந்தன. வேட்பாளர் மேலிருந்து சிரித்துக்கொண்டேயிருந்தார்.

அப்புறம் ஒரு மத்தியானம் காற்று கிளம்பியது. முதலில் மண்ணை வாரி இறைத்தது. அடுத்து ஒரு பக்கத்து மூங்கில்கள் படபடவென்று பிடுங்கிக்கொண்டன. பம்பரம் ஓடிப்போய் ஒரு கயிற்றை எட்டிப் பிடித்தாள். அது அவளை இழுத்தது. அவளும் விடவில்லை. கொத்தனார் பின்னாலேயே பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேர் பாரத்துக்குப் பந்தல் அடங்கும் என்று நினைத்தார்கள். அது இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கியது.

"கீழ இறங்கு! கீழ இறங்கு!" என்று கத்தினான் அவன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

"நான் என்ன ஏணியிலயா நிக்கிறேன் இறங்குறதுக்கு!"

கால் வாய்க்காலைத் தாண்டியது. வேலியைத் தாண்டியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் பம்பரத்துக்குப் பயமே வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. கீழே ஊர் நிலமெல்லாம் தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு பச்சை. அது தன்னுடையது என்று தெரிந்ததும் அவளுக்கு மூச்சு ஒரு நொடி நின்றுவிட்டது. அதற்குள் கயிறு அறுந்தது. இருவரும் பக்கத்துக்காரரின் வைக்கோற்போரில் இடுப்புவரை புதைந்தார்கள்.

"கை கால் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நாம பூமியிலதான இருக்கோம்?" என்றான் அவன். கண்ணை இன்னும் திறக்கவில்லை.

பந்தல் ஊருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தெருவில் யாரோ, "ஜெயிக்காட்டியும் மனுஷன் எவ்வளவு உயரத்துக்குப் போயிட்டாரு பாரு!" என்று கத்துவது கேட்டது. பம்பரம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, பந்தல் போன திசையில் ஓடினாள்.

சின்னக் குழந்தைகள் பள்ளியின் தகரக் கூரைமேல் அது விழுந்து கிடந்தது. பாதி கிழிந்திருந்தது. வாசலில் டீச்சர் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. தூங்குறாங்க."

"டீச்சர், அது என் பந்தல்."

"உங்களோடதாவே இருக்கட்டும். இப்ப மட்டும் எடுக்காதீங்க. வெயில் ஆரம்பிச்சதிலிருந்து இந்தத் தகரத்துக்கு அடியில ஒண்ணுகூடக் கண்ணு மூடலை. உடம்பெல்லாம் வேர்க்குரு. சொறிஞ்சு சொறிஞ்சு அழுவாங்க. இன்னைக்குத்தான் எல்லாம் அசந்து தூங்குது."

பம்பரம் உள்ளே எட்டிப் பார்த்தாள். பாய்களில் குழந்தைகள் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தன. ஒன்று வாயைத் திறந்து குறட்டை விட்டது. அவளுக்குக் கோபப்படவும் முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. "என் செடியும் குழந்தைங்கதான் டீச்சர்" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியுது. அதுக்கு என்ன பண்ணலாம்?" என்று டீச்சரும் கிசுகிசுத்தாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த நாத்தனாரின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. சொன்னேனா இல்லையா என்று கேட்கிற ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது, ஆனாலும் அவள் கேட்கவில்லை. "குழந்தைங்க எழுந்துக்கட்டும் அண்ணி. கிழியாத பக்கம் இங்கயே இருக்கட்டும். கிழிஞ்சத நான் பட்டை பட்டையா வெட்டித் தர்றேன். உங்களுக்கு அதுதான் வேணும்" என்றாள்.

அப்படியே செய்தார்கள். பள்ளிக் கூரைமேல் ஏறித் துணியின் ஓரமெல்லாம் செங்கல் வைத்தது பம்பரம். கீழிருந்து கல் எடுத்துக் கொடுத்தது கொத்தனார். பேனர் பள்ளியின் பங்குக்குப் போயிற்று. பட்டைகளைத் தைத்து முடிக்கும்வரை தோட்டம் வெயிலில் கிடந்தது. மேற்குப் பக்கத்து வரிசைகள் கருகிப்போயின. மற்றவை தப்பித்தன. பட்டைகளுக்கு நடுவே காற்று சலசலவென்று போய்வந்தது. பக்கத்து நிலத்துக்காரர்களும் பழைய துணி தேட ஆரம்பித்தார்கள். ஊரில் கிழிந்த போர்வைக்கு வந்த கிராக்கியைச் சொல்லி மாளாது.

காய் பழைய வருடங்களின் அளவுக்கு இல்லை. கூடையும் குறைவு. ஆனாலும் பழுத்தது. முதல் பறிப்பன்று நாத்தனாரோடு மூவரும் பாத்தியிலேயே உட்கார்ந்து, ஆளுக்கொரு பழத்தை அப்படியே கடித்தார்கள். சாறு முழங்கை வரை ஒழுகியது.

"அடுத்து மழைக்கு ஏதாவது பண்ணணும்" என்றாள் பம்பரம், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

"மழைக்குத் துணி போட்டா ஒழுகும் அண்ணி."

"துணின்னு யார் சொன்னா? சிமெண்டுச் சாக்கு. பிளாஸ்டிக் சாக்கா பாத்துச் சேத்தா போதும். உங்க அண்ணன் வேலை செய்யிற இடத்துல எவ்வளவு வேணும்னாலும் கிடைக்கும்."

கொத்தனார் மெல்ல எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு, சந்தைக்குப் போகும் வண்டி நிற்கிற பக்கமாக நடந்தான். "ஏங்க, சாக்குல காத்து போறதுக்கு ஓட்டை போடணுமா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் ஓடினாள்.