தட்டின் விளிம்பில் ஆரஞ்சு வெளிச்சம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மைக்கெ ஓலன்டோர்ஃப் ரெக்கார்ட் பிளேயரைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றியபோது டோர்பெனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பிளேயர்கள் இரண்டும் இருவருக்கும் பொது. ப்ரேமன் துறைமுகத்தின் பழைய பருத்திக் கிடங்கில், மாதம் ஒரு ஞாயிறு பிற்பகலில், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு அவர்கள் இருவரும் நடனத்துக்கு இசைத்தட்டு போடுவார்கள். டோர்பென் ல்யூர்ஸ் அந்த இயந்திரங்களின் பக்கத்தில் யாரையும் தும்மக்கூட விடமாட்டான்.

மைக்கெவுக்கு வேலை காது கேட்கும் கருவிகளைச் சரிசெய்யும் கடையில். அரிசி மணியளவு பாகங்களை நாள் முழுக்கக் குறட்டால் பிடித்துப் பிடித்து, கை கல்லைப் போல நிற்கும். பள்ளி முடிந்த கோடையில் முதல் தட்டைப் போட்டவள். கல்யாணம், விவாகரத்து, மகள் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனது, எல்லாவற்றுக்கும் நடுவில் இதை மட்டும் விட்டதில்லை. இலையுதிர்காலத்தில்தான் கண் மருத்துவர் அவளிடம் சொன்னார், இருட்டில் பார்வை இனிக் குறைந்துகொண்டே போகும் என்று. பகலில் இப்போதைக்குக் கவலையில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாத நடனத்தில் பாட்டின் தொடக்கத்தில் வைக்க வேண்டிய ஊசியை நடுவயிற்றில் இறக்கிவிட்டாள். ஒலிபெருக்கி நரநரவென்று கத்தியது. கூட்டம் விசிலடித்தது.

"என்ன மைக்கெ, காபில ரம் ஊத்திக்கிட்டியா?" என்றான் டோர்பென்.

"ஆமா, உனக்கும் வேணுமா?" என்று சிரித்தாள். 

அதற்குப் பிறகுதான் எல்.இ.டி. பட்டைகளை வாங்கினாள். வீட்டு உக்கிராண அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு நிறமாகச் சோதித்தாள். வெள்ளையில் கண் கூசியது. நீலத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஆரஞ்சில்தான் தட்டின் மேல் ஊசி ஓடும் சால்கள், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள வழுவழுப்பான இடைவெளி, எல்லாம் தெரிந்தன. சுழலும் தட்டுக்கு அடியில் வளையமாக ஒரு பட்டை, ஊசிக் கையின் அடியில் மூன்று பொட்டு விளக்குகள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அவ்வளவுதான் திட்டம்.

கடைசிக் கம்பியைப் பற்றவைத்து அடிமூடியைப் பூட்டி நிமிர்த்தி வைத்த நேரத்தில் டோர்பென் கிடங்குக்குள் வந்தான். வழக்கத்தைவிடச் சீக்கிரம்.

"யாரு இதைத் தொறந்தது?"

"நான்தான்."

"என்னைக் கேக்காமயா?" விளக்கைப் பார்த்தான். "இது என்ன, பொருட்காட்சி ராட்டினமா? கீழ நாலு மரக்குதிரையும் கட்டிரு."

"அழகா இருக்கும்னு போட்டேன்."

"உனக்கு? அழகு? நீ முடி வெட்டியே வருஷமாச்சு."

அவள் தட்டை வைத்து ஊசியை இறக்கினாள். பாட்டுக்கு அடியில் ஊங்கென்று ஓர் இரைச்சல் கிளம்பியது. திருகைத் திருப்பினால் அது மெலிந்து கீச்சென்றது. இன்னும் திருப்பினால் தடித்தது. போகவே இல்லை.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கெசீனெ வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "ஆட வந்தவங்க வெளியே மழைல நிக்கிறாங்க. கதவைத் தொறக்கட்டுமா வேண்டாமா?"

"வேண்டாம்!" இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

டோர்பென் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்தான். "எல்லாத்தையும் வெட்டி எறியறேன். நகரு."

அவள் பிளேயரின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டாள். "தொடாதே."

"ஒரு விளக்குக்காகவா இந்தப் பிடிவாதம்?"

"இது இல்லேன்னா எனக்கு ஊசி தெரியல டோர்பென். இருட்டுல எனக்குக் கண்ணு தெரியல. டாக்டர் சொல்லிட்டாரு, இனி தேறாதுன்னு."

டோர்பென் குறட்டைக் கீழே வைத்தான். அவன் முகம் முதலில் இளகியது. பிறகு ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் மெல்ல இறுகியது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"இலை உதிர ஆரம்பிச்சப்போ."

"அதுக்கப்புறமும் என்னை வண்டில ஏத்திக்கிட்டுப் போயிருக்கே. நடனம் முடிஞ்சு, இருட்டுல, அந்த அணைக்கரை ரோட்டுல."

அவள் பிளேயரின் மேலிருந்து கைகளை எடுத்தாள்.

"அந்த சைக்கிள்காரன்... ஒரு முழத்துல தப்பிச்சானே! அவன் விளக்கு போடலைன்னு சொன்னியே. போட்டிருந்தானா இல்லையா?"

"தெரியாது. அதான் உண்மை. நான் பாக்கல."

டோர்பென் ஜன்னல் பக்கம் போய்க் கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு நின்றான். வெளியே மழைக்குள் மாலை கவியத் தொடங்கியிருந்தது. அவன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான் என்றே அவள் நினைத்தாள். தடுக்க அவளிடம் எந்த நியாயமும் இல்லை. அவள் தன் கோட்டுப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, மேசையில் அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"நாளைக்கு வந்து மறுபடி எடுத்துக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"பகல்லயும்?"

இது வலித்தது. பகலில் அவள் நன்றாகவே ஓட்டுவாள். "பகல்ல ஓட்டலாமான்னு டாக்டரைக் கேக்கறேன். அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ஓட்டல."

அவன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கோபம் தணியவில்லை, ஆனாலும் பிளேயரின் மேல் குனிந்து காதைக் கொடுத்தான். "மின்சாரத்தை எங்கேர்ந்து எடுத்தே?"

"இதுக்குள்ளேர்ந்துதான்."

"காதுக் கருவி பாக்கறவ, உனக்கே தெரிய வேண்டாமா? வெளிச்சம் குறைக்கிற அந்தத் திருகுதான் இரையுது. ஊசி அதையும் கேட்டுக்குது."

அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். அவசரம் அறிவைத் தின்றுவிட்டது. மறுபடி கவிழ்த்தார்கள். அவன் கைவிளக்கைப் பிடித்தான். அவள் திருகைப் பிய்த்தெடுத்து, இணைப்புகளை வெட்டி, தனியாக ஒரு பேட்டரிப் பெட்டியோடு சேர்த்துப் பற்றவைத்தாள். "கொஞ்சம் மேலே பிடி." "பிடிச்சுட்டுதான் இருக்கேன்." ஈயத்தின் புகை இருவர் மூக்கிலும் ஏறியது. கெசீனெ இரண்டு முறை வந்து, முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

இரைச்சல் நின்றது. ஆனால் திருகு போனதில் வெளிச்சம் முழு வேகத்தில் அடித்து, பளபளக்கும் தட்டில் பட்டுக் கண்ணைக் குத்தியது. மைக்கெ சமையல் மூலைக்கு ஓடி, கேக் தட்டில் விரிக்கும் தாளைக் கிழித்து வந்து விளக்குகளின் மேல் இரண்டு மடிப்பாக ஒட்டினாள். அடங்கியது.

"இன்னொண்ணு இருக்கு," என்றான் டோர்பென். சுழலும் தட்டின் விளிம்பிலுள்ள புள்ளிகளைக் காட்டினான். இயந்திரத்தின் சொந்த விளக்கு துடித்துத் துடித்து எரியும். வேகம் சரியாக இருந்தால் அந்தத் துடிப்பில் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். இப்போது ஆரஞ்சு வெளிச்சத்தில் அவை கலங்கி ஓடின. "நீ பாக்கறதுக்காக நான் குருடாகணுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மைக்கெ சிரித்துவிட்டாள், கண்ணில் நீர் வர. அந்த இடத்தில் மட்டும் பட்டையின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். புள்ளிகள் நின்றன.

கதவு திறந்தது. நனைந்த கோட்டுகளோடு கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே நுழைந்தது. விளக்குகள் அணைந்ததும் மைக்கெவுக்கு முகங்கள், சுவர்கள், எதிரே நின்ற தூண், எல்லாம் மறைந்தன. உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஆரஞ்சு வட்டம் மட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினாள். சரியான இடைவெளியில் விழுந்தது. ஒரு நொடி மௌனம், பிறகு மேளம், பிறகு பலகைத் தரையில் நூறு கால்கள்.

அன்று முழுக்க டோர்பென் அவளோடு வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. முடிந்ததும் காரைக் கிடங்கு முற்றத்திலேயே விட்டுவிட்டு டிராமுக்கு நடந்தார்கள். நடைபாதையின் விளிம்பு வந்தபோது அவன் முழங்கையை நீட்டினான். "இங்க ஒரு படி," என்றான். அவள் பிடித்துக்கொண்டாள்.

அவனுக்குக் கோபம் ஆற வசந்தம் வரை ஆயிற்று. இடையில் ஒரு நாள், இரண்டாவது பிளேயரைத் தானே தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "இதுக்கும் போடு. ஒண்ணு மட்டும் மினுக்கினா அசிங்கமா இருக்கு." அதற்குள் காரை விற்றிருந்தாள். மகளிடமும் சொல்லியிருந்தாள், மகள் தொலைபேசியிலேயே கத்தி, மறு வாரம் ஊருக்கு வந்து அழுதாள்.

மைக்கெ இப்போதும் தட்டு போடுகிறாள். ஆரஞ்சு வட்டத்துக்கு வெளியே யார் ஆடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. டோர்பென் காதருகில் குனிந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்: "கெசீனெ ஆடறா. ஐயோ, பாக்காம இருக்கறதே உனக்கு நல்லது."