இடது பக்கம் இழுக்கும் வண்டி

தனிஸ்லாஸ் வாங்க நினைத்த சைக்கிளின் விலையை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், ஒரு சைக்கிளுக்கா இவ்வளவு என்று நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். மதுரைப் பக்கம் பரவையில் ஒரு டீக்கடைக்காரர் விலையைக் கேட்டுவிட்டு, "இதுல மோட்டார் எங்கண்ணே இருக்கு?" என்று குனிந்து தேடினார். மோட்டார் கிடையாது, மிதித்தால்தான் போகும் என்று சொன்னதும் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், கீழ்ப்பாக்கத்திலிருந்து தப்பி வந்தவர்களைப் பார்க்கிற பார்வை.

தனிஸ்லாஸ் கோச்சடையில் குடியிருப்பவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். நான் சிவபாண்டி. தல்லாகுளத்தில் அரசாங்க ஆபீசில் கிளார்க், வீடு விளாங்குடி. நீந்தி, சைக்கிள் ஓட்டி, அப்படியே இறங்கி ஓடியும் முடிக்கிற டிரையத்லான் போட்டிக் கிறுக்கு எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. நான் இரண்டு வருஷத்தில் தொப்பையும் முட்டிவலியுமாக ஒதுங்கிக்கொண்டேன். அவன் ஒதுங்கவில்லை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் காலம் தள்ளியவர்கள். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து ஜெயித்துத்தான் அவனுக்குக் கல்லூரியும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. "அடுத்த வருசம் கோவா போறேன் மாப்ள, பெரிய போட்டி" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ஸ்டாப் ரூமில் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வாத்தியார்கள் அவனுக்குக் கோவாஸ்லாஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போன பங்குனி மாதம் முதல்முறையாக, "பழைய வண்டி இடது பக்கமா இழுக்குதுடா" என்றான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் நீச்சல் குளத்துப் படியில் ஏறும்போது அவனுடைய இடது செருப்பு மட்டும் கழன்று கீழேயே கிடந்தது. அவன் அதைக் கவனிக்காமல் நாலு படி ஏறிவிட்டான். நான் அதை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன்.

அவனுடைய அண்ணனுக்கும் செருப்பில்தான் ஆரம்பித்தது. முதலில் இடது கால் செருப்பு நழுவியது, அப்புறம் கால்நுனி தரையில் இழுபட்டது, அப்புறம் கை. நரம்பு வியாதி, மருந்து இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல்தான் அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் குளிப்பாட்டியதும் தனிஸ்லாஸ்தான். அதனால் இது என்னவாக இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியில் கோளாறு என்றால் பிழைத்தான். காலில் என்றால் அண்ணன் போன வழிதான்.

அவன் வண்டிதான் என்று சாதித்தான். நல்ல வண்டி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். மதுரையில் இந்த ரக வண்டியைக் கடையில் வைத்து விற்பவர் யாரையும் எங்களுக்குத் தெரியாது. அதனால் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தோம். முதலில் தெரிந்த டாக்டர் ஒருவரின் கறுப்பு வண்டி. விரலால் தொட்டாலே கியர் மாறும். முன்னால் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்த மாதிரி ஓட்ட வேண்டும். விளாங்குடியில் ஏறி வாடிப்பட்டி வரை போய்த் திரும்பினான். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். "சீட்டு சரியில்ல மாப்ள. இடது காலுக்குப் பிடிமானமே கிடைக்கல" என்றான்.

அடுத்தது மில் முதலாளி மகன் ஒருவனின் வெள்ளை வண்டி. அது காற்றுக்கு இடது பக்கம் ஒதுங்குகிறதாம். அன்றைக்குச் சமயநல்லூர் ரோட்டில் ஒரு இலைகூட அசையவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. "ரெண்டுலயும் உன் பெடலத்தான மாட்டுன, பெடல்ல கோளாறு இருக்கும்டா" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். அவன் முகம் தெளிந்துபோனது. அன்றே புதுப் பெடல் வாங்கினான்.

மூன்றாவது வண்டி கோயம்புத்தூர்க் கடையிலிருந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வந்தது, சாம்பல் நிறம். அவன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. "இதான்டா வண்டி" என்று ரோட்டில் கத்திக்கொண்டே போனான். திரும்பி வரும்போது பரவை சிக்னலில் நிறுத்தினான். ஷூவுக்கு அடியில் இருக்கும் கொக்கி பெடலில் மாட்டியிருக்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். அவனுக்கு இடது குதிகால் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். "ஒண்ணுமில்லண்ணே, முன்சக்கரத்து ஃபோர்க்கு கோணலா இருக்கு, இழுத்துருச்சு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

நாங்கள் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எங்காவது வளைந்திருக்கிறது என்று அர்த்தம். தலைகீழாக நிறுத்தி, நூல் பிடித்துப் பார்த்து, பெண்டு எடுத்தால் சரியாகிவிடும். மதுரையில் பிறந்த அத்தனை ஆம்பளைகளுக்கும் தெரிந்த வைத்தியம் இது. அந்தப் பழக்கத்தில், மூன்று வண்டிகளையும் ஒவ்வொன்றாக அவன் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்து, பூக்கட்டுகிற நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தோம். மூன்றுமே கார்பனில் செய்த வண்டி, வளையாது, உடையத்தான் செய்யும். தெரிந்தும் பார்த்தோம். ஒரு நூல் இடைவெளி கூடுதலாக இருக்காதா என்று நானும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன்.

மூன்றாவது வண்டிக்கு நூல் பிடித்த அன்று பிலோமினாள் வெளியே வந்தாள். அவன் மனைவி, கணக்கு டீச்சர். கோபம் வந்தால் சத்தம் குறையும் அவளுக்கு.

"வண்டிக்கெல்லாம் நூல் புடிச்சாச்சு. ஆஸ்பத்திரிக்கு எப்பப் போறதா இருக்கீக?"

"ஃபோர்க்குல கோளாறு பிலோ."

"மூணு வண்டிலயுமா?"

அவன் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது பாட்டுக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அவனை இப்படிப் பெடலும் நூலும் தேட விட்டதில் எனக்கும் பங்கு இருந்தது, அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

பிலோமினாள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டுங்க. உங்களுக்கும் இழுத்துச்சுன்னா வண்டிதான் கோளாறு, நான் வாயே தொறக்கல. இழுக்கலைன்னா இவரு என்கூட நரம்பு டாக்டர்ட்ட வரணும்."

தனிஸ்லாஸ் நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டான். பிறகு, "சரி, சிவா ஓட்டட்டும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரிலும் சைக்கிளிலுமாகச் சமயநல்லூர் தாண்டிப் போனோம். சர்வீஸ் ரோடு அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் நேராகப் போகும். அவன் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துகொண்டான். நான் அவனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

பாண்டிமுனியை வேண்டிக்கொண்டேன். அவனுக்காக மாதாவையும் வேண்டிக்கொண்டேன். இந்த வண்டி கோணலாக இருக்கட்டும் தாயே, என்னைக் கீழே தள்ளட்டும், என் பல் போனாலும் பரவாயில்லை என்றேன். கொம்பில் முழங்கையை ஊன்றி மிதித்தேன். வண்டி நேராகப் போனது. ரோட்டோரத்து வெள்ளைக்கோட்டின் மேல் வைத்தேன், கோட்டை விட்டு விலகவே இல்லை. பிடியைத் தளர்த்திப் பார்த்தேன். அப்போதும் நேராகவே போனது.

அழுகை முட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அழுகைக்கு நடுவிலும் சந்தோஷமாக இருந்தது. என் ஆயுசில் அப்படி ஒரு வண்டியை ஓட்டியதில்லை. மிதிக்க மிதிக்க அது ஓடிய ஓட்டத்தில் தொப்பையும் மறந்தது, முட்டிவலியும் மறந்தது, கொஞ்ச தூரம் அவனையும் மறந்துவிட்டேன். திரும்பி வருகையில் வேர்வையும் கண்ணீருமாகக் கண்ணை மறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினேன்.

"எப்படி மாப்ள?" என்றான்.

"இழுக்குதுடா" என்றேன். "இடது பக்கந்தான். லேசா. ஆனா இழுக்குது. இந்தச் சனியன் வேணாம், நாளைக்கே திருப்பி அனுப்பிருவோம்."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கையையும் விட்டுட்டு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுல்லடா வந்த" என்றான்.

கையை விட்டது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவன் கோபப்படவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி வண்டியின் ஃபோர்க்கை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினான்.

"இருந்ததுலயே நல்ல வண்டி இதான் மாப்ள" என்றான். "பிலோவுக்குப் போனப் போடு. திங்கக்கிழமைக்கு டோக்கன் போடச் சொல்லு. நான் பேசல."

போட்டேன். முதல் மணி அடிக்கும்போதே அவள் எடுத்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள்,

"இழுத்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.