மெல்லிய கம்பி

வார நாட்களில் நான் எலெக்ட்ரீசியன். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில் பக்கம் புதிதாக எழும்புகிற வீடுகளுக்கு வயர் இழுப்பேன். சனி, ஞாயிறுகளில் எனக்கு இன்னொரு வேலை உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிற இசைக்காரர்களின் கிற்றாருக்குக் கம்பி மாற்றி, சுருதி சேர்த்து, மேடையின் ஓரத்தில் அடுத்த கிற்றாரோடு தயாராக நிற்கிற வேலை. எங்கள் சனம் இதை வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை. கலியாண வீடுகளில் யாராவது ஒரு அங்கிள் பிடித்துக்கொள்வார். "தம்பி, இன்னும் அந்தப் பெட்டி தூக்கப் போறனீரோ?" "ஓம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, ஒரு வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தப் பெட்டிகளில் நான் அதிகம் தூக்கியது ஒரு அமெரிக்கருடைய பெட்டியை. ப்ளூஸையும் ராக்கையும் கலந்து வாசிக்கிறவர். பதினான்கு வயதில் குடிக்கடைகளில் வாசிக்கத் தொடங்கியவருக்கு இருபத்திரண்டில் முதல் இசைத்தட்டு வந்தது. ஒரு கோடை முழுக்கப் பெரிய குழுக்களுக்கு முன்னால் விளையாட்டு மைதானங்களில் வாசித்தார். அடுத்த தட்டு விற்கவில்லை, கம்பனி கைவிட்டது. பிறகு குடி, இரண்டு விவாகரத்து, குடியை விட்டது, மறுபடி சின்ன மேடைகள். சொந்த நாடு மறந்த பிறகும் ஐரோப்பாவிலும் இங்கேயும் நரைத்த தலைகள் கொஞ்சம் அவருக்காக வந்துகொண்டே இருந்தன. ஐம்பது வருடத்தை ஒரு பத்திக்குள் அடைத்துவிட்டேன் என்று தெரிந்தால் சிரிப்பார்.

அந்த ஐம்பது வருடத்திலும் அவர் மாற்றாதது கம்பியை மட்டும்தான். பெரும்பாலானவர்கள் விரலுக்குச் சுகமாக மெல்லிய கம்பி போடுவார்கள். அவர் கடையில் கிடைக்கிறதிலேயே மொத்தமான, தடித்த கம்பியைப் போடுவார். ஒலி கனமாக வரும், ஆனால் அதை அழுத்தித் தள்ள இரும்புக் கை வேண்டும். நிகழ்ச்சியில் மூன்றாவதாக வருகிற பாட்டின் நடுவே ஒரு கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி, ஒரே ஒரு சுரத்தை மேலே ஏற்றி, அங்கேயே பிடித்துவைத்திருப்பார். மண்டபம் மூச்சுவிட மறந்துவிடும். மாணவனாக வந்த முதல் குளிர்காலத்தில், பிளாக்டவுனில் ஐந்து பேர் இருந்த வாடகை வீட்டில், பழைய கடையொன்றில் வாங்கிய சீடியில் அந்தச் சுரத்தைக் கேட்டேன். நிரந்தர விசாவும் இல்லை, வேலையும் இல்லை, ஊரிலிருந்து நல்ல செய்தியும் இல்லை என்றிருந்த காலம். எனக்காக யாரோ அழுகிறார்கள் என்று தோன்றியது. தொடர்ந்து போட்டுப் போட்டு, கடைசியில் கூட இருந்தவர்கள் அந்த சீடியை அரிசி மூட்டைக்குள் ஒளித்துவைத்தார்கள்.

அப்படிப்பட்டவருக்கே பிற்காலத்தில் கம்பி மாற்றக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். மூன்று பயணங்களில் கூடப் போனேன். நாலாவது பயணத்தில், சிட்னியின் மேற்கே ஒரு கிளப்பில், பிற்பகல், மேடை ஒலியைச் சரிபார்க்கிற சவுண்ட் செக் நடந்தது. மூன்றாவது பாட்டு வந்ததும் "அது சரியாகத்தான் இருக்கும்" என்று தாண்டிப் போய்விட்டார். பிறகு எதையோ கேட்க அவருடைய அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. இடது கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தொட்டியில் சாய்ந்து நின்றார். விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தன. அவர் என்னைக் காணவில்லை. நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில், மொத்தக் கம்பிகளைக் கழற்றி, இரண்டு அளவு மெல்லியதைப் போட்டேன். கிற்றாரின் கழுத்தை அதற்கேற்பத் திருத்தி, சுருதி சேர்த்து, பழைய கம்பிகளைச் சுருட்டி என் பைக்குள் வைத்தேன். இன்றைக்குக் கை கொஞ்சம் லேசாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான் என்று நம்பினேன். கேட்காமல் செய்வதில் எனக்குக் கூச்சமே வரவில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஒருவர் நோயில் விழுந்தால், வருத்தம் என்னவென்று சுற்றி நிற்கிற எல்லாருக்கும் தெரியும், படுத்திருக்கிறவருக்கு மட்டும் சொல்லமாட்டோம். அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நின்றேன். மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தது. மொத்தக் கம்பிக்குப் பழகிய கை, தன்னில் மிச்சமிருந்த பலம் முழுவதையும் கொடுத்தது. மெல்லிய கம்பி அந்தப் பலத்தைத் தாங்காமல் எல்லை தாண்டி ஓடியது. சுரம் பிசகி, கீச்சென்று போய்விட்டது. சனம் அதற்கும் கைதட்டியது. அவர் முதலில் பார்த்தது தன் கையைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய கை தன்னை விட்டுப் போய்விட்டது என்று அந்த நேரம் அவர் நினைத்ததை நான் கண்டேன். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பிறகுதான் கம்பியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மிச்சப் பாட்டுகளில் அவர் ஒரு கம்பியைக்கூடத் தள்ளவில்லை. முடிந்து இறங்கியதும், "எவ்வளவு மெல்லியது?" என்று கேட்டார். சொன்னேன். "பழையதைப் போட்டுவிடு" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் மெல்பேர்னுக்கு வான் வண்டி ஓட்ட வேண்டும். இரண்டு நகரத்துக்கும் நடுவில் அவர் விமானம் ஏறமாட்டார், என்னோடுதான் வருவார். இரவு வீட்டுக்கு வந்தபோது மனைவி குசினியில் ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு அவளுடைய ரோல்ஸில் தனிப் பிரியம். கதிரையில் அமர்ந்து நடந்ததைச் சொன்னேன்.

"அந்த மனுசனிட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப உங்கட அப்பாவுக்குச் செய்ததையே இவருக்கும் செய்து போட்டு வந்திருக்கிறியள்."

சொல்லிவிட்டு அவள் பெட்டியை மூடினாள். அவள் சொன்னது உண்மை. இரண்டு வருடம் முந்தி, எங்களோடு வந்திருந்த அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தபோது, டொக்டர் ஆங்கிலத்தில் சொல்கிறதை அப்பாவுக்குத் தமிழில் சொல்கிறவன் நான்தான். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள், தேவையில்லை என்றேன். டொக்டர் கட்டிலில் அமர்ந்து கனநேரம் பேசினார். நான் அப்பாவிடம், "குடலிலை புண்ணாம், மருந்து தருவினம்" என்றேன். அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "டொக்டர் இவ்வளவு நேரம் கதைச்சவர், நீ ரெண்டு வரியிலை முடிச்சுப் போட்டாய்" என்றார். அதற்குப் பிறகு, கண் மூடும்வரை, அப்பா என்னிடம் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் வான் வண்டியில் கிற்றார்காரர் முதல் நாலு மணித்தியாலமும் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தார். பாதி வழியில் ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்தி, கோப்பி வாங்கி, ரோல்ஸ் பெட்டியைத் திறந்தேன். இரண்டு சாப்பிட்ட பிறகு பேசினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், இந்த முறை எதையும் குறைக்கவில்லை.

"நீ என்னிடம் கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். மெல்லிய கம்பியோடு இன்னும் ஐந்து வருடம் ஓட்டியிருப்பேன். கை அதற்குப் பழகியிருக்கும். மேடையில் கூட நிற்கிற ஒருவரும் சொல்லத் துணியவில்லை, எனக்கும் கேட்கத் துணிவில்லை. நீ சொல்லுவாய் என்றிருந்தேன். இனி அந்த மெல்லிய கம்பி வேண்டாம். நேற்று மேடையில் என் கை போய்விட்டதென்றே நினைத்தேன், அது உண்மையில் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்."

மன்னிப்புக் கேட்டேன். "ரோல்ஸ் நன்றாக இருக்கிறது என்று உன் மனைவியிடம் சொல்" என்றார்.

மெல்பேர்னில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு பப்பில் நிகழ்ச்சி. மொத்தக் கம்பிகள் பூட்டிய கிற்றாரைக் கையில் கொடுத்தேன். மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். சுரம் பாதிவரை ஏறியது, பிறகு இறங்கிவிட்டது. இன்னொரு தரம் தள்ளினார். மறுபடியும் பாதியில் விழுந்தது. கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே நின்றார். கூட வாசித்த டிரம்ஸ்காரனும் பேஸ் கிற்றார்காரனும் அந்த வெறுமையை இரண்டு சுற்று வாசித்து நிரப்பினார்கள். பிறகு மைக்குக்குப் போய் மிச்சத்தைப் பாடி முடித்தார். சனம் எழும்பி நின்று தட்டியது. நான் தட்டவில்லை.

பின்னறையில் எல்லாரும் அருமை, அருமை என்றார்கள். அவர்கள் போகும்வரை இருந்துவிட்டு, என்னிடம் கேட்டார். "எப்படி இருந்தது?"

வாய்வரை வந்த பொய்யை விழுங்கினேன். "போய்ச் சேரவில்லை. இரண்டு தரமும் பாதியில் விழுந்தது. இந்தக் கம்பியில் இனிச் சேராது என்று நினைக்கிறேன்."

தலையை ஆட்டினார். "என் டொக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அவர் என் பாட்டைக் கேட்டதில்லை." துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, இன்னொன்று கேட்டார். "கடைசியாக எப்போது சேர்ந்தது?"

"போன பயணத்தில். சிட்னியில், இரண்டாவது நாள். மழை பெய்ததால் சனம் குறைவு. நீங்கள் பிடித்துவைத்திருந்த நேரத்தில் பாரில் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கூடக் கையை நிறுத்திவிட்டாள்."

"அது எனக்கும் ஞாபகம்" என்றார். இந்தப் பயணத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். மிச்ச நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, மறுநாளே ஊருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் எங்கும் மேடை ஏறவில்லை.

திங்கள் காலை அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, தனியாக வடக்கே ஓட்டினேன். கிரெய்கிபர்ன் தாண்டும்போது பக்கத்து சீட்டில் ரோல்ஸ் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. அவருக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது, நான் உண்மையைச் சொன்ன பிறகுதான் அவரால் அதைக் கேட்க முடிந்தது. அப்பாவுக்கு என்ன கேள்வி இருந்ததென்று எனக்குத் தெரியாது. வானை ஓரம் கட்டி நிறுத்தினேன்.

அன்று டொக்டர் சொன்னது ஒவ்வொரு வசனமும் எனக்கு மனப்பாடம். வெற்று வண்டிக்குள் இருந்தபடி, ஒவ்வொன்றாக, சத்தமாகத் தமிழில் சொன்னேன். இது புற்றுநோய் அப்பா. இனி வெட்டி எடுக்க ஏலாதாம். மூண்டு மாசம், கூடினால் நாலாம். நோகாமல் பாத்துக்கொள்ளுவினமாம். அன்று நான் அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டதில் கடைசி வசனம் ஒன்று இருந்தது. டொக்டர் அதை என் முகத்தைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் "அவ்வளவுதானாம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அப்பா டொக்டருக்குத் தாங்க்யூ சொன்னார்.

"அப்பா, உங்களுக்கு ஏதும் கேக்க வேணுமோ எண்டு டொக்டர் கேக்கிறார்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்பாவுக்கு யோசிக்க நேரம் வேண்டுமே.