எரியாத பல்பும் என் சாட்சியும்

சென்ற வாரம் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். ஆயுதம் — நான்கே சொற்கள். "லைட் எரியலைங்க. நானே பார்த்தேன்."

பூண்டி என்ற மலையூருக்கு மேலே புது ரோடு போடுகிறார்கள். ஒரு வளைவில் பள்ளத்தில் கல்லும் மண்ணும் கொட்டி, ஓர் ஆள் உயரத்துக்கு மேடாக்கிவிட்டார்கள். ரோடு உயர்ந்தது. மேலே போகும் மின்சாரக் கம்பியும் கூடவே உயருமா? தார்ப் பீப்பாய் அடுக்கிய லாரிக்கு இப்போது தலை இடிக்கிறது.

இதற்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. பீப்பாய்மேல் ஓர் ஆள் ஏறி நின்று, நுனியில் கவட்டை வைத்த மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பான். லாரி அடியில் நுழைந்து போய்விடும். மூங்கிலோ விடிய விடிய மூடுபனி குடித்தது. தொட்டால் சொட்டுகிறது.

"கரண்ட்டை நிறுத்தச் சொல்லி வெள்ளனே பஸ் டிரைவர்கிட்ட கரண்ட் ஆபீசுக்குச் சீட்டுக் குடுத்துட்டேன்" என்றார் மேஸ்திரி.

நிறுத்திவிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள் — டீக்கடை பல்பு. அதே கம்பியின் கரண்ட்டில், பனிமூட்டத்தால் பகலெல்லாம் எரிவது. அது அணைந்தால் கம்பியில் உயிர் இல்லை என்று அர்த்தம். வேலையை வேடிக்கை பார்க்க நின்ற நான் அப்போதுதான் அங்கே டீ குடித்துவிட்டு வந்திருந்தேன். சாட்சி சொன்னேன்.

எல்லோரும் நம்பினார்கள், கல் சுமக்கும் பேச்சியைத் தவிர. லாரிமேல் ஏறப்போகிற சடையன் அவள் புருஷன்.

"எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு ஆயிருமா? பல்பு கெட்டுப் போயிருந்தா?"

"ஏலே, எம் பொண்டாட்டி எஞ்சினீயர் ஆயிட்டாடா!" என்றான் சடையன். ஒரே சிரிப்பு.

பேச்சி கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். போலீஸ்காரர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பாத்தவுக நீங்கதான? வாங்க, இன்னொருக்கா பாப்போம்."

போனோம். கடைக்குள் இருட்டு. பல்பு தொங்க வேண்டிய இடத்தில் பல்பே இல்லை!

"பல்புங்களா?" கடைக்காரர் சாவகாசமாகப் பின்பக்கம் அழைத்துப் போனார். "கோழி பொரிச்சிருக்குங்க. இந்தக் குளிர்ல குஞ்செல்லாம் வெறைச்சுக் கெடக்கு. வெதுவெதுன்னு இருக்கட்டுமேன்னு..."

மூலையில் சாக்குப் போர்த்திக் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினார். உள்ளே மஞ்சள் வெளிச்சம். ஒரு சின்னச் சூரியனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன குஞ்சுகள்.

பேச்சி ஓடினாள். பின்னால் நான், மூச்சு வாங்க.

வேலைக்காரர்கள் எங்களுக்காகக் காத்திருப்பார்களா என்ன? பீப்பாய்மேல் சடையன் நிற்கிறான். பனிக்குள் மெல்ல ஏறுகிறது மூங்கில். கம்பிக்கு ஒரு முழம்... அரை முழம்...

"ஏங்க! ஏங்க!"

யார் வீட்டிலும் புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தானே? லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். மேஸ்திரி திரும்பினார். திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை.

"ஏலே சடையா! போடுலே கம்பை!"

சடையன் கையிலிருந்து மூங்கில் நழுவிக் கீழே விழுந்தது.

விஷயத்தைச் சொன்னேன். மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சீட்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்ததா, பஸ் டிரைவர் சட்டைப்பையிலேயே தூங்குகிறதா — யாருக்குத் தெரியும்? அவர் டிரைவரை நம்பினார். ஆட்கள் பல்பை நம்பினார்கள். பல்புக்கு நான் சாட்சி. நான் பார்த்ததோ வெறும் இருட்டு! இப்போதெல்லாம் யார் "நானே பார்த்தேன்" என்றாலும் சந்தேகமாகவே இருக்கிறது... அதிலும் அந்த யார் நானாக இருந்தால்.

சடையன் இறங்கி வந்தான். குரலில் வீறாப்பு.

"இத்தனை பேரு முன்னால பேரைச் சொல்லிக் கூப்புடுதே! 'லே' வேற போடுதே!"

பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கோங்க. இன்னும் நெறைய வருசம் கோவிச்சுக்கிட்டே இருங்க."