ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பயந்தாங்கொள்ளி

வீட்டில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவாள். சாலையைக் கடக்கக்கூட ஒரு கை வேண்டும். அவள் பதினாறு வருஷம் இஸ்திரி போட்ட சலவைக்கடையை மூடிவிட்டார்கள். கூரை வேலையில் விழுந்த கணவர் முதுகு ஒடிந்து படுத்திருந்தார். அண்ணன் வீட்டிலிருந்து மளிகை வந்தது. கூடவே அண்ணியின் குத்தல் பேச்சும் வந்தது.

நகரசபையின் இலவசத் தொழிற்பயிற்சியில் தையலுக்குப் பெயர் கொடுக்கப் போனாள். அங்கே வேலைக்கு ஆள் அனுப்பும் அம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"தையலுக்கு எழுபது பேர் நிக்கிறாங்க. வேலை நாலு பேருக்குத்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கத்துக்கோ, சுமை தூக்கி அடுக்குற வண்டி. கிடங்குல ஆளே கிடைக்கல."

"ஐயோ மேடம், எனக்கு சைக்கிளே வராது!"

"சைக்கிள்தான் சாயும். இது சாயாது."

அது சாயும் என்று முதல் நாள் பாடத்திலேயே தெரிந்துவிட்டது. கவிழ்ந்த வண்டிகளின் படங்களைக் காட்டினார்கள். அந்தப் பயத்திலேயே ஆறு வாரமும் ஒரு பாடத்தையும் அவள் விடவில்லை.

டைல்ஸ் வைக்கும் கிடங்கில், ஒரு மாதம் வேலையைப் பார்த்து முடிவு செய்வதாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் மதியம், டைல்ஸ் பெட்டிகள் அடுக்கிய மரப்பலகையை மேல்தட்டில் ஏற்றச் சொன்னார் சூப்பர்வைசர். அவள் குனிந்து பார்த்தாள்.

"சார், பலகையோட அடிக்கட்டை விரிசல் விட்டிருக்கு."

"நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தர்றியா? லாரி காத்துக்கிட்டிருக்கு. முடியலன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா."

வேலை போனால் மறுபடி அண்ணியின் வாசல். தட்டுக்குக் கீழே இரண்டு பெண்கள் உட்கார்ந்து பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சாவியை நீட்டினாள். அவர் பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"அக்கா! எந்திரிச்சு வெளிய வாங்க! ரெண்டு பேரும் வாங்க!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "என்னடி கத்துற?" என்று திட்டிக்கொண்டே அவர்கள் எழுந்து வந்தார்கள். பலகை பாதி உயரம் போனதும் படாரென்று முறிந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பெட்டிகள் கொட்டி நொறுங்கின. தூசி அடங்கியபோது, சூப்பர்வைசர் இறங்கத் தெரியாதவர்போல இருக்கையைப் பிடித்தபடி விறைத்திருந்தார். அவர் உடம்பில் கீறல் இல்லை.

பழி தன் தலையில்தான் விழும் என்று அவள் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். இரண்டு நாள் கதவு தட்டும் சத்தமெல்லாம் போலீஸ் என்று தோன்றியது. மூன்றாம் நாள் பயிற்சி நிலையத்து அம்மாள் கூப்பிட்டபோது, தான் பேசப் பயந்து போனைக் கணவர் காதில் வைத்தாள்.

அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த ரெண்டு பொம்பளைங்களும் ஆபீஸ்ல போய் நடந்ததச் சொல்லிட்டாங்களாம். உனக்கு வேலை நிரந்தரமாம். நாளைக்கு வரச் சொல்றாங்க."

அவள் அழுதாள். மறுநாள் போனாள். அந்த மாதக் கடைசியில் மளிகையை நிறுத்தச் சொல்லி அண்ணனுக்கு அவளே சொல்லி அனுப்பினாள்.

இப்போது ஏழு வருஷம் ஆகிறது. பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்க்கிறாள். லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்துகிறார்கள், அவள் எழுந்திருப்பதில்லை.