கம்பிக்கு அடியில் பறந்தவர்

எண்ணூர்க் கடற்கரை மைதானத்தில் ஹெலிகாப்டர் சவாரி வந்திருந்தது. நானும் என் ஐந்து வயது மகளும் வரிசையில் நின்றோம். பக்கத்தில் விமானி டீ குடித்துக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சாயம் பூசிய மீசை. யாரிடம் பேசினாலும் உடனே போனை எடுத்து எதையாவது காட்டினார்.

“பயமா இருக்கு சார். பத்திரமா ஓட்டுவீங்கல்ல?” என்று கேட்டேன்.

“நான் ராயபுரத்து ஆளும்மா. இந்த ஏரியா எனக்கு வூட்டு வாசல் மாதிரி. இத்த பாரு.”

வீடியோவில் மின்நிலையத்து உயரழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலே சரேலென்று கடந்தன. கீழே முகத்துவாரத்துத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது.

“கம்பிக்கு அடியிலயா போனீங்க?”

“கொஞ்சம் கேப்பு இருந்தா போதும், பூந்து வந்துடுவேன்.” என் பயம் தெளியட்டும் என்றுதான் சொன்னார்.

“இதை யார் சார் எடுத்தது?”

“நான்தான். போன் புடிக்க ஒரு கை போதாதா?”

மகளைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகினேன். அவள் வீறிட்டு அழுதாள். பின்னால் நின்ற மீன்காரம்மா, “அய்ய, பயந்தா ஷேர் ஆட்டோல போவேண்டியதுதான!” என்று சிரித்தார்.

மீன்காரம்மாவையும் மற்றவர்களையும் ஏற்றிப்போன ஹெலிகாப்டர் பத்திரமாகத் திரும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கிய விமானி என்னைப் பார்த்து, “ஒண்ணும் ஆவல, பாத்தியாம்மா!” என்றார்.

குழந்தையின் ஆசையைக் கெடுத்துவிட்டேனோ என்று இன்னும் குழம்புகிறேன். ஆனால், அந்தக் கம்பிகளைத் தாண்டி வெளியே வந்தபோதும் அவர் தனக்குத்தானே ‘ஒண்ணும் ஆவல’ என்றுதான் சொல்லியிருப்பார்.